ஒரு கப்பல் கம்பெனியின் வழியே முதலாளித்துவப் பாடம்: மேல்நிலைப் பொருளியல் வகுப்புக்கான ஓர் ஆய்வு

1. முன்னுரை

பொருளாதார அமைப்புகள் என்ற பாடம் மேல்நிலை வகுப்புகளில் பெரும்பாலும் மூன்று பட்டியல்களாக நடத்தப்படுகிறது. முதலாளித்துவத்தின் இயல்புகள், அதன் நன்மைகள், அதன் தீமைகள். தனியார் சொத்துரிமை, இலாப நோக்கம், நுகர்வோர் இறைமை, விலைப் பொறியமைவு, போட்டி என்று மாணவர் வரிசையாக ஒப்பிக்கிறார். நன்மைகளில் ஐந்தும் தீமைகளில் ஐந்தும் எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார். ஆனால் அந்த இயல்புகளுக்குள் ஒன்று மற்றொன்றை எப்படி இயக்குகிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. இலாப நோக்கம் போட்டியை ஏன் வளர்க்கிறது, அதே நோக்கம் போட்டியை ஏன் அழிக்கவும் செய்கிறது என்ற கேள்விக்குப் பட்டியலில் இடமே இல்லை.

முதலாளித்துவம் ஓர் இயக்கம். பணம் மூலதனமாகி, உழைப்பையும் கருவியையும் விலைக்கு வாங்கி, ஒரு பண்டத்தையோ பணியையோ ஆக்கி, கூடுதல் பணமாகத் திரும்ப முயலும் சுழற்சி. அந்தச் சுழற்சியில் ஈடுபடும் ஒரு நிறுவனத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து படிக்கும் மாணவருக்கே அமைப்பு விளங்கும். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள். இதை நிறுவ, 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் தொடங்கி 1911இல் கலைக்கப்பட்ட சுதேசி நாவாய்ச் சங்கம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. வ.உ.சிதம்பரம் பிள்ளையின் இந்த முயற்சி தமிழ் மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் தியாகக் கதையாக அறிமுகமாகியிருக்கிறது. பொருளியல் வகுப்பு அதைத் தொட்டதில்லை. தொடவேண்டும் என்பதே இங்கு வைக்கப்படும் வாதம்.

2. எடுத்துக்காட்டைத் தெரிவு செய்ததன் காரணங்கள்

இந்தத் தெரிவுக்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, இது முடிந்துபோன நிகழ்வு. இயங்கிக்கொண்டிருக்கும் நிறுவனத்தை வகுப்பில் ஆராய்ந்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை எதிர்காலத்தில் இருக்கும். இங்கே மூலதனத் திரட்டல், வளர்ச்சி, விலைப்போர், வீழ்ச்சி ஆகிய எல்லாக் கட்டங்களும் கண்முன் நிற்கின்றன.

இரண்டாவது, எண்கள் எளியவை. பத்து இலட்சம் ரூபாய் மூலதனம், நாற்பதாயிரம் பங்குகள், இரண்டு கப்பல்கள். பதினேழு வயது மாணவர் கரும்பலகையிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, பங்குதாரர், இயக்குநர், போட்டி நிறுவனம், பயணி, ஆலைத் தொழிலாளி, மாவட்ட அதிகாரி என்று அமைப்பின் எல்லாத் தரப்பினரும் ஒரே ஊரில், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் எதிரெதிரே வந்து நிற்கிறார்கள்.

நான்காவது, மாணவர் இந்தக் கதையை ஏற்கெனவே விரும்புகிறார். விருப்பமுள்ள இடத்தில் கேள்வி கேட்கப் பழக்குவது எளிது. விருப்பமுள்ள இடத்திலேயே கேள்வி கேட்கப் பழகுவது மிகவும் தேவையானதும்கூட.

3. நிகழ்வின் சுருக்கம்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான நீராவிக் கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் பிடியில் இருந்தது. வில்லியம் மக்கின்னன் 1856இல் கல்கத்தாவையும் பர்மாவையும் இணைக்கத் தொடங்கிய கம்பெனி அது. 1862இல் இப்பெயர் பெற்றது. அரசின் அஞ்சல் ஒப்பந்தங்கள் அதன் வளர்ச்சிக்குத் தளமாக அமைந்தன. தமிழ்நாட்டு வணிகர்களின் சரக்கும், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களும் இக்கடல்வழியின் வருவாய்.

சுதேசி இயக்கம் எழுச்சி பெற்றிருந்த நிலையில் 1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். வ.உ.சி. உதவிச் செயலாளர், நடைமுறையில் கம்பெனியின் உந்துவிசை அவரே. முதலில் வாடகைக் கப்பலை வைத்துத் தொழில் நடந்தது. எதிர்த்தரப்பின் அழுத்தத்தால் வாடகைக்குத் தந்தவர் பின்வாங்கினார். சொந்தக் கப்பல் இல்லாமல் தொழில் நிலைக்காது என்று கண்ட வ.உ.சி. வடஇந்திய நகரங்கள் வரை சென்று பங்கு திரட்டினார். 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின.

அடுத்து விலைப்போர் மூண்டது. 1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணைநின்றனர். மார்ச் 12இல் இருவரும் கைதாயினர். அதே ஆண்டு ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 இறுதியில் அவர் விடுதலையானபோது கம்பெனி இல்லை.

4. அடிப்படைக் கருத்துகளும் அவற்றின் விளக்கமும்

4.1 மூலதனமும் பங்கும்

கப்பல் வாங்கப் பெருந்தொகை வேண்டும். அத்தொகை ஒருவரிடம் இல்லை. இந்தத் தேவைக்கு முதலாளித்துவம் கண்ட வழியே பங்குக் கம்பெனி. சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அது தலா 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. இந்தப் பெருக்கலை மாணவரே செய்து பார்க்கட்டும். பிறகு ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி: பங்கின் விலை ஏன் 25? ஏன் ஆயிரம் அல்ல? சிறு வணிகரும் வழக்கறிஞரும் சிறிது நிலமுள்ளவரும் சேர வேண்டும் என்பது விடை. சிதறிக் கிடக்கும் சிறு சேமிப்புகள் ஒரே உற்பத்திக் கருவியாகத் திரளும் வழி இது.

ஆனால் எல்லாப் பங்குதாரரும் ஒரே அளவு அல்லர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 இலட்சம் ரூபாய்க்கு வாங்கியதாக வ.உ.சி. வரலாறுகள் கூறுகின்றன. அதாவது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நாட்டின் தேர்தலில் ஆளுக்கு ஒரு வாக்கு. கம்பெனியின் பொதுக்குழுவில் பங்கின் கனத்துக்கேற்ற குரல். ஜனநாயகத்தின் விதியும் மூலதனத்தின் விதியும் வேறுவேறு என்பதை மாணவர் இங்கே, ஓர் எண்ணின் மூலம் கண்டுகொள்வார்.

பங்குகளை ஆசிய நாட்டவர் மட்டுமே வாங்கலாம் என்பது கம்பெனியின் விதிகளுள் ஒன்று. மூலதனத்துக்கு நாடு இல்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இந்த விதியோடு வைத்து வகுப்பில் விவாதிக்கலாம். தேசியம் தன் மூலதனத்துக்கு வேலி போட முயன்ற இடம் இது.

4.2 வரையறுத்த பொறுப்பும் கடன் நம்பிக்கையும்

25 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கியவர், கம்பெனி மூழ்கினால் எவ்வளவு இழப்பார்? அந்த 25 ரூபாய் மட்டுமே. அவருடைய வீட்டையோ வயலையோ கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர் கேட்க முடியாது. இந்தியச் சட்டத்தில் வரையறுத்த பொறுப்பு 1857இலேயே இடம்பெற்றுவிட்டது. 1882ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சுதேசி நாவாய்ச் சங்கத்தின் காலத்தில் நடைமுறையில் இருந்தது.

இந்தக் கருத்தை விளக்க, அதே மாதத்தில் சென்னையில் நடந்த மற்றொரு நிகழ்வு கைகொடுக்கிறது. 1906 அக்டோபர் 22இல், அதாவது தூத்துக்குடிக் கம்பெனி பதிவான ஆறாம் நாள், சென்னையின் புகழ்பெற்ற ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்தது. அது கூட்டாண்மையாக நடந்த வங்கி, வணிக நிறுவனம். ஆயிரக்கணக்கானோரின் வைப்புத்தொகை போனது. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். அந்த வீழ்ச்சியின் விளைவாகவே வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது.

இரண்டையும் அருகருகே வைத்தால் மூன்று உண்மைகள் தெளியும். முதலாளித்துவம் பணத்தில் மட்டுமன்றி நம்பிக்கையிலும் இயங்குகிறது. நம்பிக்கை உடைந்தால் இழப்பு உரிமையாளரோடு நிற்பதில்லை. வைப்பாளரையும் சேர்ந்து தாக்குகிறது. இழப்பின் எல்லையைச் சட்டம்தான் வரைகிறது. சட்டத்தின் துணையில்லாமல் ஒரு கம்பெனி பிறக்கவே முடியாது என்றால், அரசு தலையிடாத சந்தை என்ற பாடநூல் வரி எத்தனை தூரம் பொருந்தும் என்ற கேள்வி இங்கேயே எழுந்துவிடும்.

4.3 செலவு, விலை, இலாபம்

இப்பாடத்தின் மையம் இப்பிரிவே. இதற்கு வகுப்பறைக் கணக்கு ஒன்று வேண்டும். கீழ்வரும் தொகைகள் கணக்குக்காகக் கற்பிக்கப்பட்டவை. கம்பெனியின் உண்மைக் கணக்குகள் அல்ல என்பதை மாணவருக்கு முதலிலேயே தெளிவாக்க வேண்டும்.

ஒரு கப்பல் துறைமுகத்தில் சும்மா நின்றாலும் ஒரு நடைக்கான கால அளவில் மாதச் சம்பளம், வட்டி, காப்பீடு, தேய்மானம் ஆகியவற்றுக்கு 500 ரூபாய் செலவாகும். புறப்பட்டால் கரிக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் 400 ரூபாய் கூடும். ஏறும் ஒவ்வொரு பயணியாலும் கூடும் செலவு 2 அணா (16 அணா ஒரு ரூபாய்). 600 பயணிகள் ஏறுகிறார்கள் என்று கொள்வோம். பயணிகளால் கூடும் செலவு 75 ரூபாய்; மொத்தச் செலவு 975 ரூபாய்; சராசரிச் செலவு தலைக்கு 1 ரூபாய் 10 அணா.

கட்டணம் 2 ரூபாய் என்றால் வரவு 1,200, இலாபம் 225. கட்டணம் 1 ரூபாயாக இறங்கினால் வரவு 600, இழப்பு 375. அப்போது கப்பலை நிறுத்திவிடலாமா? நிறுத்தினாலும் 500 ரூபாய் இழப்பு உண்டு. ஆகவே இழப்பிலும் ஓட்டுவதே அறிவு. கட்டணம் 8 அணாவாகச் சரிந்தால் வரவு 300, இழப்பு 675. இப்போது ஓட்டுவதைவிட நிறுத்துவது நல்லது. ஆனால் நிறுத்தினால் பயணிகள் எல்லாரும் எதிரியின் கப்பலுக்குப் போய்விடுவார்கள். கடல்வழியே கைவிட்டுப் போகும். எனவே கம்பெனி 675 ரூபாய் இழப்பைத் தாங்கியும் ஓட்டுகிறது. கையிருப்பு 27,000 ரூபாய் என்றால் எத்தனை நடை தாங்கும்? நாற்பது. நாற்பத்தொன்றாவது நடைக்கு யாரிடம் கேட்பது?

மாறாச் செலவு, மாறும் செலவு, சராசரிச் செலவு, இறுதிநிலைச் செலவு என்று தனித்தனி வரையறைகளாகப் படித்தவை எல்லாம் இக்கணக்கில் உயிர் பெறுகின்றன. இதோடு மற்றொரு செய்தியும் சேரவேண்டும். அரிசியை விற்க முடியாவிட்டால் கிடங்கில் வைக்கலாம். புறப்பட்டுவிட்ட கப்பலின் காலி இடத்தை எங்கும் சேமிக்க முடியாது. போக்குவரத்தில் ஆக்கப்படுவது இடப்பெயர்ச்சியே. அது ஆக்கப்படும் கணத்திலேயே நுகரப்படுகிறது என்று மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலின் இரண்டாம் தொகுதியில் விளக்கியிருக்கிறார். கப்பல், ரயில், விமானம் ஆகிய தொழில்களில் விலைப்போர் இவ்வளவு கடுமையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

4.4 போட்டியும் முற்றுரிமையும்

நிகழ்வில் நடந்தது இக்கணக்குக்கு நெருக்கமானது. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி 8 அணாவாகக் குறைத்தது. பிறகு பிரிட்டிஷ் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், பயணிக்குக் குடை ஒன்று தரவும் முன்வந்ததாக வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

பயணியின் நிலையிலிருந்து பார்த்தால் இது பொற்காலம். போட்டி விலையைக் குறைக்கும் என்ற பாடநூல் கூற்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஆனால் இந்த விலை ஏன் இவ்வளவு இறங்கியது என்று கேட்கவேண்டும். திறமையான இயக்கத்தாலோ புதிய எந்திரத்தாலோ இறங்கவில்லை. ஒருவரை வெளியேற்றுவதற்காக இறங்கியது. இந்த இரண்டு வகை விலைக் குறைவையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்த மாணவரே போட்டி என்ற கருத்தைக் கற்றவர்.

இத்தகைய போரில் வெல்பவர் யார்? செலவு குறைந்தவர் என்பதைவிட, அதிக காலம் இழப்பைத் தாங்கக்கூடியவர். பிரிட்டிஷ் கம்பெனிக்கு இந்தியப் பெருங்கடல் முழுவதும் வழிகள் இருந்தன. தூத்துக்குடியில் இழந்ததை வேறு துறைமுகங்களில் ஈடுகட்ட முடிந்தது. சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது ஒரே வழி. தூத்துக்குடி இதில் தனியானதும் அன்று. பிரிட்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே கப்பல் ஓட்டிய கம்பெனிகள் 1875இலேயே கட்டணத்தைத் தமக்குள் பேசி வைத்துக்கொள்ளும் கூட்டணி அமைத்திருந்தன. கூட்டணிக் கப்பலிலேயே தொடர்ந்து சரக்கனுப்பும் வணிகருக்குப் பின்னாளில் ஒரு பகுதித் தொகையைத் திருப்பித் தரும் முறையும் தொடர்ந்து வந்தது. புதியவர் குறைந்த கட்டணம் சொன்னாலும் பழைய தள்ளுபடி போய்விடுமே என்று வணிகர் நகரமாட்டார். இக்கூட்டணிகளைப் பற்றி விசாரிக்க லண்டனில் அரச ஆணையமே அமர்ந்து 1909இல் அறிக்கை தந்தது. ஜாம்செட்ஜி டாடா 1890களில் ஜப்பானுக்குக் கப்பல் விட முயன்றபோதும் பி. அண்டு ஓ. என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி கட்டணத்தை வீழ்த்தி அம்முயற்சியை முடித்து வைத்தது.

இன்றைய சட்டத்தோடு இதை இணைக்கவேண்டும். இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, சந்தையில் மேலாதிக்கமுள்ள நிறுவனம் போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு அடக்க விலைக்கும் கீழே விற்பதைத் தவறான செயலாக வரையறுக்கிறது. இந்தச் சட்டம் 1907இல் இருந்திருந்தால் வழக்கு எப்படி நடந்திருக்கும் என்பதை வகுப்பில் இரு அணிகளாக வாதிடச் செய்யலாம். மேலாதிக்கம் இருந்ததா, விலை அடக்கத்துக்குக் கீழா, நோக்கம் என்ன என்ற மூன்றையும் மாணவர் நிறுவ வேண்டியிருக்கும். அதிலும் ஒரு நெருக்கடியான கேள்வி உண்டு. 8 அணாவுக்கு இறங்கிய சுதேசிக் கம்பெனியும் அடக்கத்துக்குக் கீழேதானே விற்றது? தற்காப்புக்காக விற்பதும் தாக்குதலுக்காக விற்பதும் சட்டத்தின் முன் எப்படி வேறுபடுகின்றன? மேலாதிக்கம் என்ற கருத்தின் தேவை அங்கே புலப்படும்.

4.5 கூலி உழைப்பு

முதலாளித்துவத்தைப் பிற அமைப்புகளிலிருந்து பிரித்துக் காட்டுவது சந்தை மட்டும் அன்று. சந்தை அதற்கு மிக முந்தியது, பூம்புகாரிலும் இருந்தது. உற்பத்திக் கருவி ஒருவரிடமும் உழைப்பு மற்றொருவரிடமும் பிரிந்து நின்று, உழைப்பு கூலிக்கு விற்கப்படுவதே அதன் தனித்தன்மை. இதைக் கற்பிக்காமல் விலைப் பொறியமைவை மட்டும் கற்பிப்பது பாடத்தின் பாதியை விட்டுவிடுவதாகும்.

கோரல் ஆலையை நடத்தியது ஏ. அண்டு எஃப். ஹார்வி நிறுவனம். பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிக்குத் தூத்துக்குடியில் முகவராக இருந்ததும் அதே நிறுவனமே. ஆலையும் கப்பலும் ஒரே மேலாண்மையின் கீழ் வருவது அக்காலத்து இந்திய முதலாளித்துவத்தின் பொதுவான அமைப்பு. குறைந்த கூலி, நீண்ட வேலைநேரம், வார விடுமுறை இன்மை ஆகியவை தொழிலாளரின் குறைகள். ஆண் தொழிலாளரின் வேலைநேரத்துக்கு இந்தியச் சட்டம் எல்லை வகுத்ததே 1911இல்தான்; அதுவும் ஆடை ஆலைகளில் நாளுக்கு 12 மணி நேரம். தொழிற்சங்கச் சட்டம் 1926இல் வந்தது. ஆக 1908இல் ஆண் தொழிலாளரின் வேலைநேரத்துக்கோ தொழிற்சங்கத்துக்கோ சட்டத்தின் துணை இல்லை. சேர்ந்து வேலையை நிறுத்துவது ஒன்றே இருந்தது. ஊர் மக்கள் துணைநிற்க, மார்ச் முதல் வாரத்தில் கூலி உயர்வும் வேலைநேரக் குறைப்பும் ஞாயிறு விடுமுறையும் பெற்று அவர்கள் ஆலைக்குத் திரும்பினர்.

தனியொரு தொழிலாளியும் ஆலை நிர்வாகமும் சட்டப்படி சம உரிமையுள்ள இரு ஒப்பந்ததாரர்கள். ஆனால் ஒருவர் இரண்டு வாரம் கூலியில்லாமல் இருக்க முடியாது. மற்றவர் இரண்டு மாதம் எந்திரத்தை நிறுத்தி வைக்க முடியும். காத்திருக்கும் ஆற்றலின் இந்த வேறுபாடே பேரத்தின் முடிவைத் தீர்மானிக்கிறது. கப்பல் கட்டணப் போரில் பெரிய கம்பெனி வென்றதும் இதே ஆற்றலால்தான். இரண்டு பாடங்களுக்கும் அடிப்படை ஒன்றே என்பதை மாணவர் தாமே கண்டறியும்படி ஆசிரியர் வழிநடத்த வேண்டும். பாடத்தின் உச்சம் அந்தக் கண்டறிதல்.

இவ்விடத்தில் நேர்மையான ஒரு கேள்வியைத் தவிர்க்கக்கூடாது. சுதேசிக் கப்பலின் உலைக்குக் கரி அள்ளிப் போட்டவருக்குக் கூலி எப்படித் தீர்மானிக்கப்பட்டது? அன்னிய முதலாளியின் கீழ் கூலி வாங்குவதற்கும் சொந்த நாட்டு முதலாளியின் கீழ் கூலி வாங்குவதற்கும் உறவில் வேறுபாடு உண்டா? கம்பெனி நடத்தியவரே ஆலைத் தொழிலாளரின் பக்கம் நின்றார் என்பது வ.உ.சி.யின் பெருமை. அந்தப் பெருமையை மதிப்பதும், மூலதனம் எந்த நிறமாயினும் உழைப்போடு அதற்குள்ள உறவை ஆராய்வதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

4.6 அரசு

பாடநூல் முதலாளித்துவத்தில் அரசு ஓரத்தில் நிற்கும் காவல்காரன். இந்த எடுத்துக்காட்டில் அரசு எங்கும் இருக்கிறது. கம்பெனியைப் பதிவு செய்தது அரசின் சட்டம். போட்டிக் கம்பெனியை வளர்த்தது அரசின் அஞ்சல் ஒப்பந்தம். சுதேசிக் கம்பெனிக்குத் தொல்லை தந்தவர்கள் ஆட்சி அதிகாரிகள். அதை நடத்தியவரைச் சிறையிட்டது அரசின் இராசத்துரோகச் சட்டம். முதலாளித்துவம் ஓர் அரசியல் ஏற்பாட்டுக்குள்தான் இயங்குகிறது. அந்த ஏற்பாடு யார் கையில் என்பது சந்தையில் யார் வெல்வார் என்பதையும் பாதிக்கிறது.

5. ஒரே நிகழ்வு, மூன்று பார்வைகள்

அடிப்படைகள் விளங்கிய பிறகே சிந்தனையாளர்களின் பெயர்கள் வரவேண்டும். ஆடம் ஸ்மித் முதலாளித்துவத்தின் தந்தை, கார்ல் மார்க்ஸ் அதன் எதிரி என்று ஒரே வரியில் முடித்துவிடுவது இருவருக்கும் அநீதி.

1776இல் நூல் எழுதிய ஸ்மித், போட்டியின் நன்மையை வலியுறுத்தியவர். கிழக்கிந்தியக் கம்பெனி போன்ற தனியுரிமைக் கம்பெனிகளைக் கடுமையாகச் சாடியவரும் அவரே. ஒரே தொழிலில் இருப்போர் கூடினால் பேச்சு பொதுமக்களுக்கு எதிரான ஏற்பாட்டில் முடிவதையும், பிறர் பணத்தை நடத்தும் இயக்குநர் தம் பணத்தைப் போல விழிப்பாக இருக்கமாட்டார் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். ஸ்மித் தூத்துக்குடியைப் பார்த்திருந்தால் கப்பல் கூட்டணியின் பக்கம் நின்றிருக்க முடியாது.

மார்க்ஸின் பார்வையில் பெரிய மூலதனம் சிறிய மூலதனத்தை விழுங்குவது விபத்து அன்று, திரட்சியின் போக்கு. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியே 1914இல் பி. அண்டு ஓ.வுடன் இணைந்தது இப்போக்கிற்குத் தக்க சான்று. கோரல் ஆலையின் வேலைநிறுத்தமும் அவர் விளக்கத்தில் முதன்மையான இடம் பெறும்.

ஜோசப் ஷும்பீட்டர் 1942இல் முன்வைத்த கருத்து வேறு. விலைக் குறைப்புப் போட்டியைவிடப் புதிய தொழில்நுட்பமும் புதிய வழியும் கொண்டுவரும் போட்டியே முதலாளித்துவத்தின் உயிர்; அது பழையதை அழித்துப் புதியதைப் படைக்கும் என்றார் அவர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே படகுச் சேவை தொடங்கி, ரயிலும் கப்பலும் இணைந்த வழி இலங்கைக்குத் திறந்தது. சுதேசிக் கம்பெனி பிழைத்திருந்தாலும் இந்தப் புதிய வழியைச் சந்தித்தே ஆகவேண்டும். வென்ற கம்பெனியும் அதிலிருந்து தப்பியிருக்க முடியாது.

மூவரில் யார் சரி என்று கேட்பதைவிட, நிகழ்வின் எந்தப் பகுதியை யார் நன்றாக விளக்குகிறார் என்று கேட்பதே ஆய்வு மனப்பான்மையை வளர்க்கும்.

6. எடுத்துக்காட்டின் வரம்புகள்

இந்த ஒரு கதையால் முழுப்பாடமும் முடிந்துவிடாது. மூன்று குறைகளை ஆசிரியர் மனத்தில் கொள்ளவேண்டும்.

முதலாவது, காலனிய ஆட்சியின் தனித்தன்மையும் முதலாளித்துவத்தின் பொதுத்தன்மையும் இதில் பின்னிக் கிடக்கின்றன. இவற்றைப் பிரித்துக் காட்ட ஒப்பீடு வேண்டும். பம்பாயில் 1919இல் தொடங்கிய சிந்தியா கப்பல் கம்பெனி நல்ல ஒப்பீடு. அதே காலனிய ஆட்சி, அதே போட்டிக் கம்பெனிகள், அதே கட்டணப் போர். எனினும் பெரிய மூலதனத்தோடு தொடங்கிய சிந்தியா, 1923இல் எதிரிகளோடு உடன்பாடு செய்துகொண்டு நிலைத்தது. மூலதனத்தின் அளவு, பேரத் திறன், தலைமை சிறையில் இல்லாமை ஆகியவற்றில் எது எவ்வளவு காரணம் என்று மாணவர் எடைபோடலாம்.

இரண்டாவது, முதலாளித்துவத்தின் மாபெரும் உற்பத்தி ஆற்றல் இந்தக் கதையில் போதிய அளவு தெரியவில்லை. இரண்டு நூற்றாண்டுகளில் துணி, இரும்பு, மருந்து, செய்தித்தொடர்பு ஆகியவற்றின் விலையைக் குறைத்துச் சாதாரண மக்களுக்கு எட்டச் செய்த ஆற்றல் அது. இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் ஒருதலையாகும். நெசவு எந்திரத்தின் வரலாறு போன்ற ஒரு துணைப்பாடம் இக்குறையைப் போக்கும்.

மூன்றாவது, விலையில் அடங்காத செலவு என்ற கருத்து இதில் இல்லை. அதற்குத் திருப்பூர் இருக்கிறது. சாயப்பட்டறைக் கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், பனியனின் விலையில் சேராத ஒரு செலவை உழவர்கள் ஏற்றார்கள் என்பதன் சான்று. தமிழ் மாணவருக்கு இதைவிட அருகிலுள்ள பாடம் இல்லை.

7. வகுப்பறை வரிசையும் மதிப்பீடும்

ஆறு பாடவேளைகள் போதும். முதல் வேளையில் நிகழ்வின் வரலாறு மட்டும்; கலைச்சொல் எதுவும் வேண்டாம். இரண்டாம் வேளையில் வகுப்பே ஒரு கம்பெனியாகிப் பங்கு பிரித்து, இயக்குநரைத் தேர்ந்து, வாக்கின் கனத்தை உணரட்டும். மூன்றாம் வேளை செலவுக் கணக்குக்கு. நான்காம் வேளையில் போட்டிச் சட்டத்தின் கீழ் வழக்காடல். ஐந்தாம் வேளையில் கோரல் ஆலைப் பேச்சுவார்த்தை: சிலர் நிர்வாகம், சிலர் தொழிலாளர், சிலர் ஊர் வணிகர். ஆறாம் வேளையில் மூன்று சிந்தனையாளர்களின் பார்வையும் பாடநூலின் இயல்புகள் பட்டியலும். பட்டியல் கடைசியில் வருவதே இம்முறையின் திறவுகோல். அப்போது அதன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிகழ்வு மாணவர் கையில் இருக்கும். எந்த வரி நிகழ்வோடு பொருந்தவில்லை என்றும் அவரால் சொல்ல முடியும்.

ஆசிரியர் தம் அரசியல் சார்பை வகுப்பின் முடிவாக ஆக்கிவிடக்கூடாது. முதலாளித்துவத்தை வழிபடக் கற்பிப்பதும் வெறுக்கக் கற்பிப்பதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இரண்டிலும் மாணவரின் சிந்தனைக்கு வேலை இல்லை. சான்றைக் காட்டி, கணக்கைப் போடவிட்டு, எதிர்வாதத்தையும் வலுவாக எடுத்துவைப்பதே ஆசிரியரின் பணி.

மதிப்பீட்டிலும் மாற்றம் வேண்டும். 'முதலாளித்துவத்தின் இயல்புகளை எழுதுக' என்பதற்குப் பதிலாக, மாணவர் தம் ஊரின் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு ஐந்து வினாக்களுக்கு விடை எழுதட்டும். மூலதனம் யாருடையது? உழைப்பு யாருடையது, கூலி எப்படி முடிவாகிறது? விலையை யார் தீர்மானிக்கிறார்? இழப்பு வந்தால் யார் தாங்குவார்? அரசு எங்கே நுழைகிறது? அரிசி ஆலை, தீப்பெட்டித் தொழிற்சாலை, விசைப்படகு, வாடகைக் கார்ச் செயலி ஆகிய எதற்கும் இவ்வினாக்கள் பொருந்தும். விசைப்படகில் பிடிபட்ட மீனைப் பங்கு பிரிக்கும் வழக்கம் கூலி முறையிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று ஒரு மாணவர் எழுதினால், எந்தப் பாடநூலும் தராத அறிவை அவர் பெற்றுவிட்டார்.

8. முடிவுரை

முதலாளித்துவத்தின் அடிப்படைகளை இயல்புகளின் தொகுப்பாகக் கற்பிக்கும்போது உறவுகள் மறைந்துவிடுகின்றன. ஒரு நிறுவனத்தின் வாழ்வாகக் கற்பிக்கும்போது அவை வெளிப்படுகின்றன. சுதேசி நாவாய்ச் சங்கத்தின் ஐந்தாண்டு வாழ்வில் மூலதனத் திரட்டல், வரையறுத்த பொறுப்பு, செலவும் விலையும், போட்டியிலிருந்து முற்றுரிமை முளைப்பது, கூலி உழைப்பின் பேரம், அரசின் இடம் ஆகிய ஆறும் ஒன்றோடொன்று பிணைந்தே வருகின்றன. இழப்பைத் தாங்கிக் காத்திருக்க முடிந்தவருக்கே சந்தையின் பேரங்கள் சாதகமாகின்றன என்பது அவற்றை இணைக்கும் பொதுவிதி. வைப்புக் காப்பீடு, போட்டிச் சட்டம், தொழிற்சங்கச் சட்டம், வேலைநேர வரம்பு ஆகியவை காத்திருக்க முடியாதவருக்கு ஓரளவு வலுவூட்டச் சமூகம் கண்ட வழிகள்.

இதை நடைமுறைப்படுத்தப் புதிய பாடநூல் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியின் வரலாற்று ஆசிரியரும் பொருளியல் ஆசிரியரும் சேர்ந்து ஆறு பாடவேளைகளை ஒதுக்கினால் போதும். இன்று வகுப்பில் இருப்பவர்கள் நாளை கூலி வாங்குவார்கள், கடை வைப்பார்கள், கடன் எடுப்பார்கள், பங்கு வாங்குவார்கள், வாக்களிப்பார்கள். தாம் வாழப்போகும் பொருளாதாரத்தின் கணக்கைத் தாமே படித்துப் பார்க்கும் ஆற்றலை அவர்களுக்குத் தருவது பள்ளியின் கடமை.